நான் பார்க்காத களிமண்: ஹேமாவின் நினைவாக

ஹேமா இறந்துவிட்டார் என்று தொலைபேசி வந்தபோது நான் லேக் கார்டன்ஸில் வங்கியில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் தாங்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். விரல்ரேகை இயந்திரம் என் கட்டைவிரலை ஏற்கவில்லை. அங்கிருந்த பெண் ஈரத்துணியைக் கொடுத்து, துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். அப்போதுதான் கைபேசி அடித்தது. ஹேமாவின் தம்பி ஸ்ரீதர், ஹவுராவிலிருந்து.

"அண்ணா, அக்கா போயிட்டா. காலைல பேப்பர் படிச்சிட்டிருந்தா. அப்படியே சாஞ்சுட்டா."

அன்று பிற்பகலே கங்கைக் கரையில் எல்லாம் முடிந்தது. பழைய அலுவலகத்தவர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தோம். என்ன நேர்மை, என்ன உழைப்பு என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். கிளம்பும்போது ஸ்ரீதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினாறாம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கச் சின்னதாக ஒரு புத்தகம் போடப்போவதாகவும், அலுவலக வாழ்க்கையைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்றும் சொன்னார். "ஆபீஸ்ல அக்காவுக்கு உங்கள விட்டா யாரு இருக்கா" என்றார்.

இரண்டு நாளில் ஒன்று எழுதினேன். நல்ல சொற்களாகப் பொறுக்கி எடுத்து, ஒரு பக்கத்துக்கு வந்தது. படித்துப் பார்த்தேன். அதில் ஹேமா செய்தவை எல்லாம் இருந்தன. நான் அவருக்குச் செய்தது இல்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் இதையும் அறிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஹேமா பிறந்ததும் வளர்ந்ததும் கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில். அவருடைய அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ரயில்வே தலைமை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். நான் மாயவரத்துக்காரன். நிலவியல் படித்துவிட்டு, ஒரு வார்த்தை வங்காளம் தெரியாமல் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தேன். நிலத்தடி நீரைத் தேடுவதும் சோதிப்பதும் எங்கள் அலுவலகத்தின் வேலை. எங்கே துளையிட வேண்டும், எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று சொல்வது என் பிரிவு. வந்த தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்று சொல்வது லேப். எனக்கு மூன்று ஆண்டுகள் கழித்து ஹேமா லேபில் சேர்ந்தார். ஊரே அவரை ஹேமாதி என்றது; தீதி என்றால் அக்கா. அவர் என்னை, இங்கே மூத்தவர்களை அழைக்கிற வழக்கப்படி, மணிதா என்று அழைத்தார். என் வங்காளத்தைக் கேட்டு முதலில் சிரித்தவரும் அவர்தான், திருத்தியவரும் அவர்தான்.

சேர்ந்த முதல் மாதமே என்னோடு ஒரு மோதல். நான் களத்திலிருந்து அனுப்பிய தண்ணீர்ப் பாட்டில்கள் முழுவதையும் சோதிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். கோபமாகப் போய்க் கேட்டேன். பம்பை எத்தனை தடவை அடித்த பிறகு தண்ணீர் பிடித்தீர்கள் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குழாயிலேயே தங்கிக் கிடந்த பழைய தண்ணீரைப் பிடித்து வந்திருக்கிறேன் என்று விளக்கினார். பிறகு சொன்னார்: "தண்ணி பொய் சொல்லாது மணிதா. பாட்டில்தான் சொல்லும்." அடுத்த வாரம் எங்களோடு ஜீப்பில் ஏறி வந்து, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தானே எண்ணி எண்ணிப் பம்பை அடித்துத் தண்ணீர் பிடித்தார். அந்தச் சொல் பிறகு எங்கள் அலுவலகம் முழுக்கப் பரவியது. உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள்.

இச்சாமதி ஆற்றுப் பக்கத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் போதுமான அளவு பேசப்பட்டுவிட்டார்கள். அங்கேதான் சந்தியாவைப் பார்த்தோம். அரிசி வறுத்துப் பொரி செய்து விற்கிற பெண், அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். மழைத்துளி விழுந்த புழுதி போல அவள் மார்பிலும் முதுகிலும் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள். உள்ளங்கைகளில் ஆணி ஆணியாகத் தோல் தடித்திருந்தது. படர்தாமரை என்று பல வருடம் களிம்பு தடவியிருக்கிறார்கள். தொழுநோய் என்று பயந்து மாமியார் அவளுடைய தட்டையும் குவளையையும் தனியே வைத்திருந்தாள். அவள் கை பட்ட பொரியை ஊருக்குள் யாரும் வாங்கவில்லை. வெளிச் சந்தைக்குத்தான் கொண்டு போவாள்.

ஹேமா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஊரே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அடிபம்புத் தண்ணீரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கிறது, இந்தப் புள்ளிகள் அதனால் வந்தவை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது என்று சொன்னார். யார் நஞ்சைப் போட்டது என்று ஒரு கிழவர் கேட்டார். யாரும் போடவில்லை என்றார் ஹேமா. பல ஆயிரம் ஆண்டுகளாக ஆறுகள் மலையிலிருந்து மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கின்றன. மணலின் மேல் துரு போல ஒட்டியிருக்கிற இரும்போடு நஞ்சும் சேர்ந்து வந்திருக்கிறது. அதோடு புதைந்த செடிகொடிகள் மண்ணுக்கடியில் அழுகும்போது அந்தத் துரு கரைகிறது, பிடித்து வைத்திருந்த நஞ்சைத் தண்ணீரில் விட்டுவிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. இவ்வளவையும் வங்காளத்தில், ஊர்ப் பேச்சில் சொல்லி முடித்துவிட்டு சந்தியாவிடம் ஒன்று சொன்னார். திரும்பும் வழியில் அதை எனக்குத் தமிழிலும் சொன்னார். "அவ என்ன பாவம் செஞ்சோம்னு நெனச்சிட்டிருக்கா மணிதா. உன் தப்பு ஒண்ணும் இல்ல, உன் காலுக்குக் கீழ இருக்கற மண்ணோட குணம் இதுன்னு சொன்னேன். அழுதுட்டா."

அந்த ஊருக்கு ஆழ்குழாய்க் கிணறு போடுவதென்று முடிவாயிற்று. நஞ்சு இருப்பது மேல் மணலில். அதற்கும் கீழே, மிகப் பழைய பழுப்பு மணலில் உள்ள தண்ணீர் நல்லது. இரண்டுக்கும் நடுவே கெட்டியான களிமண் படுகை இருந்தால் மேல் தண்ணீர் கீழே இறங்காது. அந்தக் களிமண் இருக்கிறதா, எவ்வளவு கனம் என்று துளையிடும்போது உடனிருந்து பார்த்துப் பதிவு செய்ய வேண்டியவன் நான். பத்தடிக்கு ஒரு தரம் மேலே வருகிற மண்ணைத் துணிப்பையில் போட்டு ஆழத்தை எழுதி வைக்க வேண்டும். அதுதான் என் தொழிலின் சாரம். மற்றதெல்லாம் காகிதம்.

துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தின நாள். மேல் மணல் முடிகிற ஆழம் வந்துகொண்டிருந்தது. எனக்கு அன்று மாலை ஹவுராவில் சென்னை ரயில். மனைவியும் மகளும் பெட்டியோடு நேரே ஸ்டேஷனுக்கு வருவதாக ஏற்பாடு. துளையிடும் மிஸ்திரி கனாயிடம், மண்ணைத் தவறாமல் பையில் போட்டு வை என்று சொல்லிவிட்டுப் பகல் இரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டேன். ரயில் விஜயவாடாவைத் தாண்டியபோது போன் செய்து களிமண் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றான். எவ்வளவு என்றேன். நிறைய என்றான்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் அந்த ஆழத்துப் பைகள் இல்லை. மழையில் கலந்துவிட்டன என்றான். கிணறு அதற்குள் குழாய் இறக்கித் தயாராகிவிட்டது. பக்கத்து ஊரில் நான் கண்ணால் பார்த்த களிமண் நாற்பது அடி. இங்கே மட்டும் இல்லாமல் போகுமா என்று நினைத்தேன். பதிவேட்டில் நாற்பது அடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உடனே அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது.

கிணற்றுக்குப் பச்சை வண்ணம் பூசினார்கள். பச்சை என்றால் குடிக்கலாம், சிவப்பு என்றால் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த இரண்டு நிறமும் தெரியும். முதல் குடத்தை சந்தியா பிடித்தாள். அன்றிலிருந்து ஊரின் அடுத்த கோடியிலிருந்து நடந்து வந்து அந்தத் தண்ணீரைத்தான் எடுத்துப் போனாள். நல்ல தண்ணீர் குடித்தால் நோய் மேலே போகாமல் நிற்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாள், டிபன் வேளையில், ஹேமா என் அறைக்கு வந்தார். கையில் அந்தக் கிணற்றின் பதிவேடு.

"மணிதா, ஒண்ணு கேக்கணும். இதுல களிமண் நாப்பது அடின்னு எழுதியிருக்கீங்க. நீங்க பாத்தீங்களா?"

என் டிபன் டப்பா திறந்திருந்தது. எதிர் மேசையில் ஒருவர் இருந்தார். ஏன் கேட்கிறீர்கள் என்று ஹேமாவிடம் நான் கேட்டிருக்கலாம்.

"பாத்தேன்" என்றேன்.

"அப்ப சரி" என்றார் ஹேமா. "என் பாட்டில்லதான் ஏதோ தப்பு." முகத்தில் ஒரு நிம்மதியோடு போனார்.

அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஆர்செனிக் தெரிந்திருக்கிறது. கிணறு பழுதாகியிருக்குமோ, களிமண் இல்லாத இடமோ என்று சந்தேகப்பட்டுத்தான் அவர் என்னிடம் வந்தார். நான் பார்த்தேன் என்றதும் அவர் தன் சோதனையைச் சந்தேகிக்கத் தொடங்கினார். பாட்டில்களை மாற்றினார். தண்ணீர் கெடாமலிருக்கச் சேர்க்கிற அமிலத்தை மாற்றினார். கருவியை முழுதாகச் சரிபார்க்க வெளியே அனுப்பினார், அது திரும்பி வர மாதங்கள் ஆயின. நடுவில் மழைக்காலம் வந்து ஊர்ப் பாதை மூழ்கியது. ஒவ்வொரு தரமும் தண்ணீர் அதையேதான் சொன்னது. ஒவ்வொரு தரமும் அவர் தன் கையையே குற்றம் சொல்லிக்கொண்டு மறுபடி தொடங்கினார். நான் அதே கட்டடத்தில், ஒரு மாடி கீழே இருந்தேன். அவர் மாடிப்படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், இன்னும் பிழை பிடிபடவில்லை மணிதா என்பார். பிடிபடும் என்று நானும் சொல்வேன்.

எட்டு மாதம் இப்படிப் போனது. அந்த எட்டு மாதமும் ஊர் அந்தக் கிணற்றைத்தான் குடித்தது.

கடைசியில் அவர் என்னிடம் சொல்லாமல், அலுவலக உத்தரவுக்கும் காத்திராமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை சியால்தாவில் ரயிலேறிப் போய், தான் கொண்டுபோன சிவப்பு வண்ணத்தை அந்தப் பம்பின் மேல் பூசிவிட்டு வந்தார். ஊரில் பெரிய கலவரம் ஆனது என்று கேள்விப்பட்டோம். மறுவாரம் அவருக்கு மெமோ வந்தது. அதிகாரமில்லாமல் அரசுச் சொத்தில் வண்ணம் பூசியது, மக்களிடம் பீதி கிளப்பியது. விசாரணைக்கு மூவர் குழு போட்டார்கள்.

விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு ஹேமா மறுபடி என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு, உட்காராமல் நின்றார்.

"கனாயப் பாத்தேன்" என்றார். "ராணாகாட்ல இருக்கான். அவன் களிமண்ணப் பாக்கலயாம். நீங்க போனதும் மழை புடிச்சிருக்கு, மெஷினை நிறுத்தாம ஓட்டியிருக்காங்க, மண்ண எடுத்து வைக்கல. நீங்க போன்ல கேட்டதும் பயந்துபோய் ஆமான்னுட்டானாம். அழறான்."

பக்கத்து ஊரில் நாற்பது அடி இருக்கும்போது யாராக இருந்தாலும் இங்கேயும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்று நான் ஏதோ சொன்னேன். நிலத்தடியை முழுதாக யாரால் பார்க்க முடியும் என்றும் சொன்னேன். அவர் நான் முடிக்கும் வரை பொறுமையாக நின்றார்.

"நான் கேட்டது ஒரே கேள்வி, சார். பாத்தீங்களான்னு."

அவர் என்னை சார் என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு கடைசி வரை அதுதான்.

"பாட்டிலச் சந்தேகப்பட்டேன், கையச் சந்தேகப்பட்டேன். உங்கள மட்டும் சந்தேகப்படல" என்றார். குரல் உயரவே இல்லை.

புகார் கொடுக்கப் போகிறாரா என்று கேட்டேன். அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றியது அது ஒன்றுதான். அவர் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்: "நான் சொன்னா அது புகார். நீங்க சொன்னா அது திருத்தம். நீங்கதான் சொல்லணும்."

விசாரணையில் என்னை நிலவியல் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். நீண்ட மேசை. ஹேமா எதிரே உட்கார்ந்திருந்தார். களிமண் இருக்கும்போது ஆழக் கிணற்றில் நஞ்சு எப்படி வரும், இந்த அம்மாவின் சோதனை சரியா என்று தலைவர் என்னிடம் கேட்டார். கேள்வி என் கையில் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு வாக்கியம் போதும். நான் இரண்டு நிமிடம் பேசினேன். சோதனை சரியாகவே இருக்கலாம் என்றேன், அந்த அளவுக்கு எனக்கு மனசாட்சி இருந்தது. ஆனால் காரணம் என்னவென்றால், கழிமுகப் பகுதியில் படுகைகள் ஒரே சீராக இருப்பதில்லை, இது மண்ணின் இயற்கையான குணம் என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். சந்தியாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு ஹேமா ஆறுதலாகச் சொன்ன சொல் அது. அதை எடுத்து என்னை மூடிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

எச்சரிக்கையோடு விட்டார்கள். பதவி உயர்வு தள்ளிப்போனது. அவருக்குப் பின்னால் வந்த இருவர் அவருக்கு மேலே போனார்கள். அவர் ஏன் அன்று வாய் திறக்கவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது. கனாயின் பிழைப்பு போய்விடும் என்று நினைத்திருக்கலாம். நான் சொல்வேன் என்று கடைசி நிமிடம் வரை நம்பியிருக்கலாம். இரண்டாவதுதான் உண்மையாக இருக்கும் என்ற எண்ணம் வரும்போது என்னால் ஒரே இடத்தில் உட்கார முடிவதில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகள் ஹேமா ஏன் அவ்வளவு பயணம் போனார் என்று உங்களில் சிலர் வியந்திருப்பீர்கள். மாதிரிப் பதிவேட்டைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. என் கையெழுத்துள்ள கிணறுகள் அத்தனையையும் வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் போய்த் தண்ணீர் பிடித்து வந்து சோதித்திருந்தார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. மற்றவை எல்லாம் நன்றாக இருந்தன. கடைசிக் கிணற்றின் முடிவு வந்த அன்று அந்தப் பட்டியலின் நகல் ஒன்று என் மேசையில் இருந்தது. கூட ஒரு சொல் இல்லை. இனி தூங்கலாம் என்று அவர் எனக்குச் சொல்ல நினைத்தாரோ என்னவோ. நான் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவருடைய பிரிவுபசார விழாவில் நான் பேசியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஹேமாதி எதிலும் அவசரக்காரர், உத்தரவு வருவதற்குள் வண்ணமே காய்ந்துவிடும் என்றேன். கூடம் சிரித்தது. அவரும் புன்னகைத்தார். எட்டு மாதம் பொறுமையாக இருந்த ஒருவரை அவசரக்காரர் என்றேன். அந்த வார்த்தையை இங்கே திரும்பப் பெறுகிறேன். சிரித்த உங்கள் மேல் தவறில்லை, உங்களுக்குத் தெரியாது.

ஓய்வுக்குப் பிறகும் அவர் மாதம் ஒரு முறை அந்த ஊருக்குப் போய் வந்தார் என்று ஸ்ரீதர் சொன்னார். நான் அந்தச் சிவப்பு வண்ணத்துக்குப் பிறகு, அவர் இருந்தவரை, ஒரு முறைகூடப் போகவில்லை. அந்த எட்டு மாதத் தண்ணீர் யாருக்கு எவ்வளவு கெடுதல் செய்தது என்று எந்த மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் பல வருடம் மேல் கிணற்றைக் குடித்தவர்கள் அவர்கள். பிரித்துச் சொல்ல முடியாது என்பதையே ஒரு கைத்தடி போல ஊன்றிக்கொண்டு இத்தனை காலம் நடந்துவிட்டேன்.

ஹேமா போன ஒன்பதாம் நாள் சியால்தாவில் ரயிலேறினேன்.

சந்தியா முற்றத்தில் பொரி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. செய்தி அவளுக்கு ஸ்ரீதர் மூலம் எட்டியிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் முக்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்காராமல் நின்றபடியே, என் கோணல் வங்காளத்தில், அன்று துளையிடுவதை விட்டுச் சென்னைக்கு ரயிலேறியது முதல் விசாரணை மேசை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை, ஆனால் புடைப்பது நின்றுபோனது.

"தீதிக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன்.

அவள் முறத்தை மடியில் சாய்த்துக்கொண்டாள். பிறகு சிவப்பு வண்ணம் பூசிய நாளைப் பற்றிச் சொன்னாள். ஹேமா வண்ணத் தகரத்தோடு வந்து நின்றதும் பெண்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்களாம். மூன்று வருடம் குடி குடி என்றாயே, என் மருமகள் நிறைமாதமாக இதைத்தானே குடித்தாள் என்று ஒருத்தி கத்தினாளாம். இன்னொருத்தி தகரத்தைத் தட்டிவிட்டதில் வண்ணம் ஹேமாவின் சேலையில் கொட்டியிருக்கிறது. யார் செய்த தப்பு என்று கேட்டார்களாம். ஹேமா, சந்தேகம் வந்த அன்றைக்கே வந்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், எட்டு மாதம் சொல்லாமல் இருந்துவிட்டேன், தப்பு என்னுடையது என்றாராம். சந்தியாவும் திட்டியிருக்கிறாள். நாங்கள் செத்தால் உனக்கு என்ன என்று கேட்டாளாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, தகரத்தில் மிச்சமிருந்த வண்ணத்தை எடுத்துப் பம்பில் பூசி முடித்துவிட்டுத்தான் ஹேமா கிளம்பியிருக்கிறார். கனாய் அழுததை அறிந்த பிறகும், நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகும், இந்த ஊரில் அவர் அதை மாற்றிச் சொல்லவில்லை. மாதாமாதம் வந்துபோன இத்தனை வருடமும் அந்த ஊர் அவரைத் தவறு செய்துவிட்டு அதை ஈடுகட்ட வருகிற ஒரு நல்ல பெண்ணாகவே நினைத்திருந்தது.

"நான் ஆள் மாத்தித் திட்டிட்டேன்" என்றாள் சந்தியா. அழவில்லை. முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். "எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது. இருங்க, மத்தவங்களக் கூட்டிட்டு வரேன். அவங்ககிட்டயும் சொல்லுங்க."

பன்னிரண்டு, பதினைந்து பேர் வந்தார்கள். துருப்பிடித்து, சிவப்பு உதிர்ந்து நிற்கிற அந்தப் பழைய பம்பின் பக்கத்தில் நின்று மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. யாரும் அடிக்கவும் இல்லை. மருமகளைப் பற்றிக் கத்திய பெண் கூட்டத்தில் இருந்தாள். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு நேரே போய்விட்டாள். அது எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அந்தக் கிணற்றுக்குப் பதிலாகப் பிறகு போட்டு, இப்போது குடிக்கிற புதுக் கிணற்றின் களிமண்ணை யார் பார்த்தது என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரியாது, நான் அதில் இல்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இதை அச்சுக்குக் கொடுக்கும்போது விசாரித்தாகிவிட்டது. பார்த்த பெண் அதிகாரியின் பெயரும், அவர் எடுத்து வைத்த மண்பைகளும் பத்திரமாக இருக்கின்றன. ஊருக்குக் கடிதம் போட்டுவிட்டேன். அலுவலகத்துக்கும், அந்தப் பழைய பதிவு பொய் என்று கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். ஹேமா கேட்ட திருத்தம் அவர் பார்க்க வந்து சேரவில்லை.

ஸ்ரீதரிடம் இதைப் படித்துக் காட்டினேன். முடிந்ததும் தாள்களை வாங்கி அடுக்கி வைத்தார். பிறகு, "அக்கா வீட்டுக்கு வந்து அந்தச் சேலையத் துவைச்சுப் பாத்தா, போகல" என்றார். "ஒரு வார்த்தயும் மாத்தாம இப்படியே போடுங்க சார்." அதுவரை என்னை அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

ஹேமாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது எது என்று கேட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமைதான். சேலையெல்லாம் வண்ணத்தோடு, சுற்றிலும் ஏச்சு விழ, தூரிகையைக் கீழே போடாமல் அவர் அந்தப் பம்படியில் நின்றது. அதை நான் பார்க்கவில்லை. சந்தியா சொல்லக் கேட்டதுதான்.